மாயாபந்தருக்கு அறுபது மூட்டை

1974ஆம் வருஷம் ஏப்ரல் கடைசியில், வேலை போய் ஏழு மாதம் ஆன பிறகு, பிரகாசத்துக்கு ஒரு லாரி கிடைத்தது. சொந்தமாக அல்ல, ஓட்டுவதற்கு. ஆனாலும் அன்று சாயங்காலம் போர்ட் பிளேரில், டாலிகஞ்சிலிருந்து மின்னி பே வீடு வரைக்கும் அவன் நடந்து வந்த நடையைப் பார்த்தவர்கள், லாரியையே விலைக்கு வாங்கிவிட்டான் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அவன் அதுவரை ஒரு மர மில்லில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவன். டீசல் விலை ஏறியது, மெயின்லேண்டிலிருந்து வரும் ஆர்டர் குறைந்தது, ஒரு சனிக்கிழமை இருபத்திரண்டு பேரை வரிசையாக நிற்க வைத்து, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் செய்யாத வேலை இல்லை. ஜெட்டியில் மூட்டை இறக்கினான், தேங்காய் உரித்தான், போட் இஞ்சின்களைக் கழற்றி மாட்டினான். போட்டுகளுக்கும் வாரத்தில் இரண்டு நாளுக்குத்தான் டீசல் என்று ஆனபோது அந்த வேலையும் நின்றது. வீட்டில் மத்தியானச் சோறு மரவள்ளிக்கிழங்காக மாறிப் பல நாள் ஆகியிருந்தது. அவன் மனைவி சூசைமேரி கருவாடு காயப்போடும் கூலிக்குப் போனாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண். ஒரு நாளும் அவள் முகத்தைத் தொங்கப்போட்டு அவன் பார்த்ததில்லை. அதுவே அவனுக்கு அதிகக் கஷ்டமாக இருந்தது.

லாரிக்காரர் பெயர் திருநாவுக்கரசு. கும்பகோணத்துப் பக்கத்துக்காரர், கான்ட்ராக்டர். அவருடைய டிரைவர் கோவிந்தராஜ் தங்கை கல்யாணத்துக்கு மெயின்லேண்டு போய், திரும்பி வரக் கப்பல் டிக்கெட் கிடைக்காமல் மெட்ராஸிலேயே மாட்டிக்கொண்டான். இங்கே மாயாபந்தர் அரிசி டிப்போ காலியாகிக் கிடந்தது. நேரே மாயாபந்தர் போகும் கப்பல் ரிப்பேரில் நின்றது. சரக்கு ஏற்றும் தட்டைப் படகு, பார்ஜ், ஒன்று இருந்தது, ஆனால் அதற்குக் கொடுத்த டீசல் ரங்கத் வரை போய்த் திரும்பத்தான் காணும். ஆகவே லாரியை அரிசியோடு பார்ஜில் ஏற்றி ரங்கத்தில் இறக்கி, அங்கிருந்து புதிதாக வெட்டிய காட்டு ரோட்டில் மாயாபந்தர் கொண்டுபோக வேண்டும். எழுபது கிலோமீட்டர். மெயின்லேண்டு லாரிக்காரன் கேட்டால் சிரிப்பான். அன்றைக்கு அந்தமானில் அதைவிட நீளமாக ஓட ரோடே கிடையாது. அதிலும் முழு லோடோடு அந்த ரோட்டைக் கடைசி வரை ஓட்டியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"லோடு அடிச்சிருக்கியாப்பா?" என்று கேட்டார் திருநாவுக்கரசு.

"மரம் இழுத்திருக்கேன் மொதலாளி, டிராக்டர்ல. ஹெவி லைசென்ஸ் இருக்கு. லோடு லாரி ஓட்டுனதில்ல."

"அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமே."

"ஓட்டும்போது தெரிஞ்சிரும்லா."

அவர் ஷெட்டுக்குப் பின்னால் இரண்டு காலி டிரம்களை லாரி நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு நிறுத்தச் சொன்னார். "முன்னால ஓட்டறதை எவனும் ஓட்டிடுவான். பார்ஜ்ல ரெண்டு பலகை மேல பின்னாலயே ஏத்தணும். ஒரு சக்கரம் நழுவுனா லாரி கடல்ல. நீ பின்னால எடு, பார்க்கலாம்."

முதல் தடவை இடது டிரம் உருண்டது. இரண்டாம் தடவை வலது டிரம். மூன்றாம் தடவை இரண்டுமே உருண்டன. திருநாவுக்கரசு, "சாயங்காலம் வரைக்கும் நேரமிருக்கு" என்று உள்ளே போய்விட்டார். அவர் டீ குடித்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்து வந்தபோது லாரி இரண்டு டிரம்களுக்கும் நடுவில் சந்தனப் பொட்டு மாதிரி கச்சிதமாக நின்றது. பிரகாசத்தின் சட்டையில் ஒரு இடம்கூட உலர்ந்திருக்கவில்லை.

மறுநாளும் அதற்கு மறுநாளும் மணல் ஏற்றிக்கொண்டு புரோத்ராபூர் வயல் ஓரத்தில் பழகினான். சாப்பாடு கொண்டுவந்த சூசைமேரி பின்னால் நின்று, "சோத்தாங்கை பக்கம் ஒடிங்க, போதும், இப்ப நேரா வாங்க" என்று குரல் கொடுத்தாள். கண்ணாடியைவிட அவள் குரல் திருத்தமாக இருந்தது.

கிளம்பும் நாளுக்கு முந்தின நாள் லாரி கிளீனர் மலேரியாக் காய்ச்சலில் படுத்துவிட்டான். வேறு ஆளை ஒரு நாளில் தேடிப் பிடிக்க முடியாது. லாரிக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த இடத்துக்கே சூசைமேரி போனாள்.

"மொதலாளி, நான் போறேன்."

"நீயா? எங்கே?"

"லாரியிலதான். கிளீனருக்கு என்ன வேலை? சக்கரத்துக்குக் கட்டை போடணும், ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தணும், பின்னால பாத்துச் சொல்லணும். இதுக்கெல்லாம் மீசை எதுக்கு?"

திருநாவுக்கரசுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "காட்டு வழிம்மா. யானை வேலை செய்யற இடம். ரங்கத்துக்கு அந்தப் பக்கம் எல்லாம் பங்காளிங்க, ராஞ்சிக்காரங்க. தமிழ் பேச ஆளில்லை." வங்காளிகளை அங்கே பங்காளிகள் என்றும், ராஞ்சிப் பக்கத்திலிருந்து காட்டு வேலைக்கு வந்தவர்களை ராஞ்சிக்காரர்கள் என்றும்தான் சொல்வார்கள்.

"அதான் சொல்லுதேன். எங்க வீட்டுக்காரங்களுக்கு ஹிந்தி நாலு வார்த்தைக்கு மேல வராது. நான் அஞ்சு வயசுல இந்த ஊருக்கு வந்தவ. பங்காளி வீட்டுலயும் ராஞ்சி வீட்டுலயும் வளந்தவ."

அது உண்மைதான். பிரகாசம் வேம்பாரிலிருந்து பதினெட்டு வயதில் கப்பல் ஏறியவன். அவன் ஹிந்தி இன்னும் கடலைத் தாண்டி முழுசாக வந்து சேரவில்லை. வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தவனுக்குப் பெருமையா, பயமா, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. திருநாவுக்கரசு அவனைக் கூப்பிட்டு, "நீ என்னப்பா சொல்றே?" என்றார்.

"அவ சொல்லிட்டா, மொதலாளி" என்றான் பிரகாசம்.

விடியும் முன் கடல் ஏற்றத்தில் பார்ஜ் ஜெட்டியோடு சமமாக நின்ற அரை மணி நேரத்துக்குள் லாரியை ஏற்ற வேண்டியிருந்தது. பார்ஜுக்கும் ஜெட்டிக்கும் நடுவில் இரண்டு பலகை. கீழே கறுப்புத் தண்ணீர். சூசைமேரி பார்ஜில் நின்று கையில் அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்து, ஒரே குரலில், அவசரமில்லாமல், "வாங்க, வாங்க, வாங்க" என்று கூப்பிட்டாள். பின் சக்கரம் பலகையில் ஏறியபோது பலகை வளைந்து முனகியது. பிரகாசம் அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்தான். லாரி ஏறி நின்றதும் பார்ஜ் முழுவதும் ஒரு தரம் அமிழ்ந்து எழுந்தது. பார்ஜை ஓட்டும் செராங் எட்டிப் பார்த்து, "புதுசா?" என்று கேட்டார். "பழசுதான்" என்று சூசைமேரி ஹிந்தியில் பதில் சொன்னாள்.

பகல் முழுவதும் கரை ஓரமாகவே போனார்கள். வலது பக்கம் கடல், இடது பக்கம் தண்ணீரில் கால் வைத்து நிற்கும் காடு. போர்ட் பிளேர் வந்த நாளிலிருந்து அதை விட்டு வெளியே போகாத சூசைமேரி லாரியின் மட்கார்டில் உட்கார்ந்து ஒரு நிமிஷமும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே வந்தாள். "இம்புட்டு இருக்கா நம்ம ஊரு" என்று நாலைந்து தடவை சொன்னாள்.

சாயங்காலம் ரங்கத் ஜெட்டியில் இறங்கி, ரங்கத் பஜாரில் ராத் தங்கி, மறுநாள் பொழுது விடிந்ததும் வண்டியை எடுத்தான் பிரகாசம்.

முதல் ஏற்றத்திலேயே அவனுக்கு ஒன்று விளங்கியது. டிராக்டரில் போனால் மரத்தை நாம் இழுக்கிறோம். லாரியில் லோடு நம்மைத் தள்ளுகிறது. ஏறும்போது பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுக்கிறாற்போல இருந்தது. இறங்கும்போது அதே ஆள் முதுகில் கைவைத்துத் தள்ளினான். முதல் இறக்கத்தில் பிரேக்கை நம்பி வந்து, அடியில் வந்து நின்றபோது சக்கரத்திலிருந்து காந்தல் வாடை அடித்தது. இரண்டாவது இறக்கத்தில் மேலேயே இரண்டாம் கியருக்கு மாற்றிக்கொண்டு, இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி விட்டான். லாரி உறுமிக்கொண்டு, ஆனால் சொன்ன பேச்சுக் கேட்டு இறங்கியது. பிரகாசம் ஸ்டியரிங்கை ஒரு தட்டுத் தட்டினான்.

"பாத்தியா மேரி? பாத்தியாட்டி?"

"ரோட்டைப் பாருங்க."

செம்மண் ரோடு. இரண்டு பக்கமும் உச்சி தெரியாத மரங்கள். ஒவ்வொரு வளைவுக்கும் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. ஒரு வளைவில் யானை ஒன்று சங்கிலியில் பெரிய மரத்துண்டை இழுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தது. பாகன் கையைக் காட்டினான், லாரி நின்றது. யானை அவசரமே படாமல் கடந்து போனது. இன்னொரு வளைவில் காடு சட்டென்று விலகி, வெயில் கொட்டிக் கிடக்கும் வயல்களும், மூங்கில் வேலியும், வாழைத் தோட்டமுமாக ஒரு பங்காளிக் குடியிருப்பு வந்தது. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து காட்டை வெட்டி ஊராக்கியவர்கள். லாரிச் சத்தம் கேட்டு ஆட்கள் வேலிக்கு ஓடி வந்து பார்த்தார்கள். பிரகாசம் ஹார்னை ஒரு தடவை அழுத்தினான். அவசியமே இல்லை. மறுபடியும் ஒரு தடவை அழுத்தினான்.

வேலை இல்லாத ஏழு மாதமும் அவனுக்குள் ஏதோ ஒன்று கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தது. இப்போது அது எழுந்து நிமிர்ந்து உட்காருவதை அவனால் உணர முடிந்தது. அறுபது மூட்டை அரிசி அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. எழுபது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர் அதற்காகக் காத்திருக்கிறது. நடுவில் இருப்பது அவன்.

பத்து மணி இருக்கும், பாலம் வந்தது.

ஓடை ஒன்று, கடல் ஏறினால் ஏறி, இறங்கினால் இறங்கும் உப்பங்கழி. மேலே வரிசையாக மரத்துண்டுகள் பரப்பிய பாலம். ஃபாரஸ்ட் ஜீப்புகளும் காலி லாரிகளும் போய்வந்த தடம் தெரிந்தது. பிரகாசம் வண்டியை நிறுத்தி, சூசைமேரி கட்டை போட்டதும் இறங்கி, பாலத்துக்கு அடியில் போய்ப் பார்த்தான். பாலத்தைத் தாங்கும் நாலு பெரிய உத்திரங்களில் நடுவில் இருந்த ஒன்றில் நீளவாட்டில் கைவிரல் போகும் அளவுக்கு விரிசல். அதன் அடிப்பக்கத்தை நகத்தால் கீறினான். மரம் பிண்ணாக்கு மாதிரி உதிர்ந்தது.

"என்ன?" என்றாள் மேலேயிருந்து சூசைமேரி.

"லோடோட ஏறுனா போய்ச் சேர்ந்துரும். லாரி, அரிசி, நாம, எல்லாம்."

"காலியா போனா?"

அவன் மறுபடியும் உத்திரத்தைப் பார்த்தான். "போவும்னு நெனைக்கேன்."

தென்மேற்கில் மேகம் கறுத்து வந்துகொண்டிருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் செம்மண் ஏற்றம் ஒன்று செங்குத்தாக நின்றது. முதல் மழை விழுந்தால் அதில் லாரி ஏறாது. மழை நின்று ரோடு காய்வதற்குச் சில வருஷங்களில் நவம்பர் ஆகிவிடும். அறுபது மூட்டையை இறக்கி, பாலத்துக்கு அந்தப் பக்கம் சுமந்து, மறுபடி ஏற்ற வேண்டும். இரண்டு பேரால் ஆகிற காரியமில்லை.

"பின்னால ஒரு குடியிருப்பு பாத்தோம்லா, நான் போய்ட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, அவன் பதிலுக்குக் காத்திராமல் சூசைமேரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள்.

ஒரு மணி நேரத்தில் பதினெட்டுப் பேரோடு வந்தாள். ஆண்களும் பெண்களும் இருந்தார்கள். முன்னால் வந்தவர் நிதாய் மண்டல். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர், தோளில் ஈரத் துண்டு. அவர் லாரியைச் சுற்றி வந்து, மூட்டைகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஹிந்தியில் நிதானமாகப் பேசினார். சூசைமேரி கணவனுக்குத் தமிழில் சொன்னாள்.

"அவங்க ஊரு ரேஷன் கடையிலயும் மூணு வாரமா அரிசி இல்லையாம். கிழங்கும் பூசணிக்காயும்தான் திங்காங்களாம். 'எங்க வாசல் வழியா அரிசி போவுது, நாங்களே சுமந்து அடுத்த ஊருக்கு அனுப்பணுமா'ன்னு கேக்காரு."

அந்தக் கேள்வியில் தப்பே இல்லை. ஏழு மாதமாக அவன் வீட்டில் தின்றதும் கிழங்குதான். ஆனால் சட்டைப் பையில் இருந்த சலானில் மாயாபந்தர் டிப்போ, அறுபது மூட்டை என்று எழுதியிருந்தது. ஒரு மூட்டையை இங்கே இறக்கிவிட்டால் அறுபதும் இறங்கிவிடும். அங்கே காத்திருப்பவர்களும் இதே கிழங்கைத்தான் தின்றுகொண்டிருக்கிறார்கள்.

"மேரி, நான் சொல்லுததை அப்படியே சொல்லு. கூட்டாம குறைக்காம." அவன் மண்டலின் முகத்தைப் பார்த்துத் தமிழிலேயே பேசினான். "இந்த அரிசியில எனக்கு அதிகாரம் இல்ல. அடுத்த லோடு யாருக்கு வரும்னும் எனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னா பொய். மாயாபந்தர் போனதும் ஒயர்லெஸ்ல மொதலாளிக்குச் சேதி அனுப்புவேன். அதுல உங்க ஊரு பேரும் இருக்கும். அது ஒண்ணுதான் என்னால முடியும்."

சூசைமேரி சொன்னாள். மண்டல் கேட்டுவிட்டு மறுபடியும் மூட்டைகளை அண்ணாந்து பார்த்தார். கூட்டத்தில் ஒரு இளைஞன் கோபமாக ஏதோ சொன்னான். இன்னொருத்தி அவனை அடக்கினாள். சூசைமேரி அதற்குள் லாரியில் ஏறி, இவர்களுடைய வழிச் சாப்பாட்டுக்கு முதலாளி கொடுத்திருந்த ஐந்து கிலோ அரிசிப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கூட்டத்திலிருந்த வயதான பெண்மணியிடம் அதை நீட்டினாள்.

"தீதி, இது எங்க சாப்பாடு. டிப்போ அரிசி இல்ல. எல்லாரும் சேர்ந்து திங்கலாம். உங்ககிட்ட பூசணிக்காய் இருக்குல்ல?"

அந்த அம்மாள் பையை வாங்கி, உள்ளே கைவிட்டு அரிசியை அள்ளிப் பார்த்தாள். பிறகு மண்டலைத் திரும்பிப் பார்த்துப் பங்காளி பாஷையில் இரண்டே வார்த்தை சொன்னாள். அது என்ன வார்த்தை என்று சூசைமேரி பிறகும் பிரகாசத்துக்குச் சொல்லவில்லை, சிரிப்பாள், அவ்வளவுதான். மண்டல் துண்டை எடுத்துத் தலையில் சும்மாடாகச் சுற்றினார்.

"டீக் ஹை" என்று சம்மதித்தார். "மழை வர்றதுக்குள்ள முடிக்கணும்."

அதற்குப் பிறகு நடந்தது வேலை மாதிரியே இல்லை, திருவிழா மாதிரி இருந்தது. பிரகாசமும் அந்தக் கோபக்கார இளைஞனும் லாரி மேல் நின்று மூட்டையை விளிம்புக்குத் தள்ளினார்கள். கீழே இரண்டிரண்டு பேராக மூங்கில் கழியில் கட்டித் தூக்கிக்கொண்டு பாலத்தில் நடந்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு மூட்டைதான் பாலத்தில் இருக்க வேண்டும் என்று மண்டல் சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் பெண்கள் தார்ப்பாய் விரித்து மூட்டைகளை அடுக்கினார்கள். அடுப்பு மூட்டி, பூசணிக்காய் போட்டு, பருப்புச் சேர்த்துக் கிச்சடி கொதித்தது. அறுபதாவது மூட்டை அந்தப் பக்கம் போனபோது சூரியன் உச்சியிலிருந்து சாய்ந்திருந்தது, மேகம் பாதி வானத்துக்கு வந்திருந்தது.

பிரகாசம் வண்டியில் ஏறினான். சூசைமேரி பாலத்தின் மேல் போய், அவனைப் பார்த்தபடி பின்னோக்கி நடக்கத் தயாராக நின்றாள். நடு உத்திரத்தில் பாரம் படாதபடி இடது சக்கரங்களை இடது ஓரத்து உத்திரத்துக்கு மேலாகக் கொண்டுபோக வேண்டும். அந்த ஓரத்துக்கும் ஓடைக்கும் நடுவில் ஒரு சாண்தான்.

"என்னைய மட்டும் பாருங்க. தண்ணியப் பாக்காதிய" என்றாள்.

முதல் கியர். முன் சக்கரம் ஏறியது. மரத்துண்டுகள் ஒவ்வொன்றாகச் சக்கரத்துக்கு அடியில் உருண்டு படிந்தன. சூசைமேரியின் கை இடப்பக்கம் இம்மி அசைந்தால் ஸ்டியரிங்கும் இம்மி அசைந்தது. பதினெட்டுப் பேரும் எதிர்க் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதி தாண்டியிருக்கும், அடியில் துப்பாக்கி வெடித்தாற்போல ஒரு சத்தம். லாரியின் பின்பக்கம் லேசாக அமிழ்ந்தது. பிரகாசத்தின் கால் பிரேக்குக்குத் தானாகப் போனது.

"நிக்காதிய" என்றாள் சூசைமேரி. குரல் ஏறவில்லை, பார்ஜில் கூப்பிட்ட அதே குரல். "நிக்காம வாங்க. வாங்க. வாங்க."

அவன் காலை மாற்றி ஆக்சிலேட்டரை அழுத்தினான். லாரி உதறிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. சூசைமேரி ஒதுங்கினாள். முன் சக்கரம் மண்ணைத் தொட்டது, பின் சக்கரம் மண்ணைத் தொட்டது, அடுத்த நொடி பின்னால் பாலத்தின் நடுப்பகுதி மடிந்து, மரத்துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடையில் விழுந்தன. தண்ணீர் லாரியின் பின்பலகை வரைக்கும் தெறித்தது.

பிரகாசம் இறங்கிப் பின்னால் வந்து பார்த்தான். பாலம் இருந்த இடத்தில் இரண்டு கரையிலும் இரண்டு மொட்டைத் துண்டுகள் நின்றன. லாரி வடக்குக் கரையில். போர்ட் பிளேரும், ஷெட்டும், மின்னி பேயும், முதலாளியும் தெற்குக் கரையில்.

"இனி எப்படித் திரும்புறது?" என்றான்.

சூசைமேரி கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "முதல்ல போய்ச் சேருவோம்" என்றாள். வடக்குக் கரையில் நின்ற அந்தக் கோபக்கார இளைஞன்தான் முதலில் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பயம் விட்டுப்போன சிரிப்பு, நிறுத்த முடியவில்லை.

கிச்சடியை நின்றபடியே வாழை இலையில் வாங்கித் தின்றுவிட்டு, மூட்டைகளை ஏற்றினார்கள். முடித்துத் தார்ப்பாயைக் கட்டும்போது முதல் துளி விழுந்தது. செம்மண் ஏற்றத்தில் பதினெட்டுப் பேரும் பின்னால் தோள் கொடுத்தார்கள். சூசைமேரி ஒவ்வொரு அடிக்கும் பின் சக்கரத்துக்குக் கட்டையை நகர்த்திக்கொண்டே வந்தாள், முழங்கை வரை சேறு. உச்சியில் லாரி போய் நின்றபோது மழை கொட்டத் தொடங்கியது. பிரகாசம் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி மண்டலின் கையைப் பிடித்துக்கொண்டான். சொல்ல நினைத்தவற்றுக்கு அவனிடம் ஹிந்தி இல்லை. சூசைமேரி மொழிபெயர்க்கவும் இல்லை. கழியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்கள் ஓடையை நீந்திக் கடக்கப் போனார்கள்.

அன்று வழியில் பில்லிகிரவுண்ட் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடக் கொட்டகைக்குள் லாரியின் மூக்கை நுழைத்து ராத் தங்கினார்கள். மறுநாள் மத்தியானம், சேறு பூசிய லாரி மாயாபந்தர் பஜாருக்குள் நுழைந்தது. டிப்போ பொறுப்பாளர் சிவஞானம், ராமநாதபுரத்துக்காரர், குடையைக்கூட விரிக்க மறந்து மழையில் ஓடி வந்தார்.

"ரோட்டுலயா வந்தீங்க? முழு லோடா?"

"அறுபதும் இருக்கு, எண்ணிக்கிடுங்க" என்றான் பிரகாசம்.

"எண்ணிக்கலாம் தம்பி, முதல்ல இறங்கு. கிளீனர் எங்கே?"

மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு சூசைமேரி இறங்கினாள். சிவஞானம் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாம்மா, உள்ளே வா, டீ சாப்பிடு" என்றார்.

போலீஸ் ஒயர்லெஸ்ஸில் சேதி அனுப்ப அவரே ஏற்பாடு செய்தார். அங்கிருந்தவர் வார்த்தைகளைக் குறைக்கச் சொன்னார். லோடு சேர்ந்தது, பாலம் விழுந்தது, லாரி வடக்கே, பாலத்து ஊரிலும் அரிசி இல்லை. கடைசி வரியை எடுத்துவிடலாமே என்று அவர் கேட்டபோது, பிரகாசம் தன் நாலு வார்த்தை ஹிந்தியைத் திரட்டி, அது கட்டாயம் போக வேண்டும் என்று சொன்னான். போனது.

பதில் வருவதற்கு இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் அவன் சரியாகத் தூங்கவில்லை. முதல் டிரிப்பிலேயே முதலாளியின் லாரியைத் திரும்ப முடியாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியவன் அவன். வேலை போவது நிச்சயம் என்றே மனசைத் தயார் செய்துகொண்டான். மூன்றாம் நாள் சிவஞானம் ஒரு காகிதத்தோடு வந்தார்.

"உன் மொதலாளி கெட்டிக்காரர்தான்" என்று சொல்லிக்கொண்டே படித்தார். "'லாரி அங்கேயே ஓடட்டும். மழை முடியும் வரை நீயே பார்த்துக்கொள். கப்பல் ரிப்பேர் முடிகிறது, டீசல் அதில் வரும். ரங்கத்துக்கு அரிசி சொல்லியாயிற்று.' அவ்வளவுதான். ஆமா, இன்னும் ஒரு வரி இருக்கு. 'கிளீனரை மாற்ற வேண்டாம்.'"

பிரகாசத்துக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பாலம் விழுந்ததால் தெற்கிலிருந்து இனி ஒரு லாரியும் வடக்கே வர முடியாது. அந்தப் பருவம் முழுவதும், ஓடையிலிருந்து மாயாபந்தர் வரைக்கும் லோடு எடுக்கக் கூடிய லாரி இது ஒன்றுதான். கப்பலில் வந்து இறங்கும் எதையும் ஊர்களுக்குக் கொண்டுபோக ஓட்டத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். மெயின்லேண்டிலும் போர்ட் பிளேரிலும் டிரைவர்கள் வேலை இல்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்த வருஷம் அது.

ஜெட்டிக்குப் பக்கத்தில் தகரம் போட்ட ஒரு அறை பார்த்துக்கொண்டார்கள். எட்டு நாள் கழித்து, ரங்கத்திலிருந்து வேறொரு லாரி ஓடையின் தெற்குக் கரை வரைக்கும் வந்து, மண்டலின் ஊரில் பத்து மூட்டை இறக்கிவிட்டுப் போனதாகச் சேதி வந்தது. அதைக் கேட்ட அன்று சூசைமேரி பூசணிக்காய் வாங்கிச் சமைத்தாள்.

ஆனால் அந்த முதல் வாரத்திலேயே, முதலாளியின் பதில் வந்த மறுநாள் காலையில், அறை வாசலில் ஆட்கள் வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கூரைத் தகரம் கொண்டுபோக ஒரு வாத்தியார். விதைநெல்லோடு இரண்டு ராஞ்சிக்காரர்கள். வெபி கிராமத்திலிருந்து பின்னல் கூடைகளோடு ஒரு கரேன் பெண், பர்மாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் மகள். அவளுடைய ஊருக்குத் தையல் மிஷின் ஒன்று போன கப்பலிலேயே வந்து ஜெட்டியில் கிடக்கிறதாம். மழை விட்டிருந்தது. சூசைமேரி எல்லாரிடமும் எந்த ஊர், எந்த வழி, ஏற்றம் உண்டா, ஓடை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள்.

"எந்தப் பக்கம் முதல்ல?" என்றான் பிரகாசம், இஞ்சினை எழுப்பியபடி.

"வெபி. அந்தப் பொண்ணு வழி காட்டுவா. ரோடு பாதிதான் இருக்காம்."

"மீதி?"

"போய்ப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு, அவள் சக்கரத்துக்கு அடியிலிருந்து கட்டையை உருவி உள்ளே எறிந்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.